சிகரெட்டைப் பற்றிக் குர்ஆனில் இருக்கிறதா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக ஒரே வாதம். புகைப்பதை விடச் சொன்னால், "குர்ஆனில் எங்கே தடுத்திருக்கிறது, காட்டு" என்கிறார் கணவர். மாமியாரோ, "குர்ஆனில் இல்லாதது எதுவுமே கிடையாது, உனக்குத் தேடத் தெரியவில்லை" என்கிறார். போதாக்குறைக்கு, உடன் வேலை பார்க்கும் முஸ்லிம் அல்லாத தோழி, "சொர்க்கத்தில் 72 கன்னிகள் என்று குர்ஆனில் இருக்கிறதாமே?" என்று கேட்டாள். கிண்டலாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எது இருக்கிறது, எது இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? — ஒரு வாசகி

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம், சகோதரி. மாமியாரிடமிருந்தே தொடங்குவோம். வயதில் மூத்தவர், அவர் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. "இந்நூலில் எதையும் நாம் விட்டுவிடவில்லை" என்று 6:38 (6ஆம் அத்தியாயம், 38ஆம் வசனம்) சொல்வது உண்மைதான். ஆனால், அங்கே சொல்லப்படும் நூல் குர்ஆனா, இறைவனிடம் உள்ள லவ்ஹுல் மஹ்ஃபூள் என்னும் பாதுகாக்கப்பட்ட பதிவேடா என்பதிலேயே விரிவுரையாளர்களிடம் இரு கருத்துகள் உண்டு. குர்ஆன்தான் என்று சொன்னவர்களும், நேர்வழிக்கு வேண்டிய அடிப்படைகள் எல்லாம் அதில் உள்ளன என்றுதான் விளக்கினார்கள். உலகத்தில் உள்ள ஒவ்வொரு செய்தியும் அதில் அடங்கியிருக்கிறது என்று அவர்கள் வாதிடவில்லை.

நாம் குர்ஆனில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும் பல செய்திகள் அதில் இல்லை. ஆதம் நபியின் துணைவி பெயர் ஹவ்வா என்று எந்த வசனத்திலும் வராது. "நீரும் உம் மனைவியும்" என்றுதான் 2:35இல் இருக்கிறது. உயிரைக் கைப்பற்றும் வானவரை இஸ்ராயீல் என்கிறோம். 32:11 அவரை மலக்குல் மவ்த் (மரண வானவர்) என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஹாபில், காபில் என்ற பெயர்களும் கிடையாது. "ஆதமின் இரு மகன்கள்", அவ்வளவுதான். இப்ராஹீம் நபி பலியிடத் துணிந்த மகன் இஸ்மாயீல் என்பது இன்று முஸ்லிம்களிடம் நிலைத்துவிட்ட கருத்து. ஆனால் 37ஆம் அத்தியாயத்தில் அந்த நிகழ்ச்சி வரும் வசனங்களில் மகனின் பெயர் இல்லை. அதனால்தான் தபரீ போன்ற பெரும் விரிவுரையாளரே அவர் இஸ்ஹாக் என்று எழுத இடமிருந்தது.

குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம். நபியவர்களின் தாயார் ஆமினா, துணைவி கதீஜா, மகள் ஃபாத்திமா ஆகியோரில் ஒருவர் பெயரும் இல்லை. முஹம்மத் என்ற பெயர் வருவதே நான்கு இடங்களில்தான். மூஸா நபியின் பெயரோ நூறு தடவைக்கு மேல் வருகிறது. மாமியார் 6,666 வசனங்கள் என்று மனப்பாடமாகச் சொல்பவராகவும் இருக்கலாம். இன்று பரவலாக அச்சாகும் பிரதிகளில் உள்ள வசனங்கள் 6,236. இதற்காக அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்து உங்கள் கணவர். குர்ஆனில் இல்லையென்றால் மார்க்கத்திலும் இல்லை என்பது அவர் வாதம். அவர் மஃரிப் என்னும் அந்தித் தொழுகையில் மூன்று ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுபவராக இருந்தால், அந்த எண்ணிக்கையை எந்த வசனத்தில் கண்டார் என்று கேளுங்கள். கிடைக்காது. தொழுகையைக் குர்ஆன் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறது. பகலின் இரு ஓரங்கள், இரவின் முற்பகுதி என்று நேரங்களைச் சுட்டுகிறது. 24:58இல் ஃபஜ்ர் (விடியல்), இஷா (இரவு) தொழுகைகளைப் பெயராலும் குறிப்பிடுகிறது. ஆனால் ஐந்து வேளை என்ற எண்ணோ, ரக்அத் கணக்கோ அதில் இல்லை. இவ்வளவுக்கும், விவரம் சொல்லத் தயங்கும் நூல் அல்ல அது. தொழுகைக்கு முன் செய்யும் சுத்தமான உளூவில் எதைக் கழுவ வேண்டும், எதைத் தடவ வேண்டும் என்று 5:6 வரிசையாகச் சொல்கிறது. வாரிசுப் பங்குகளைப் பாதி, ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பின்னங்களாகவே கொடுக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதிவைக்கும் முறை பற்றியதுதான். கட்டாயக் கொடையான ஜகாத் யார் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எட்டு வகையினரைப் பட்டியலிடும் 9:60, எத்தனை சதவீதம் என்பதைச் சொல்வதில்லை. இரண்டரை சதவீதம் நபிவழியிலிருந்து வந்தது. "என்னை எப்படித் தொழக் கண்டீர்களோ அப்படியே தொழுங்கள்" என்ற நபிமொழி (ஹதீஸ்) புகாரீ என்ற அறிஞரின் தொகுப்பில் இருக்கிறது. தொழுகையின் வடிவம் நமக்கு வந்து சேர்ந்தது அந்த வழியாகத்தான். கத்னாவும் (விருத்தசேதனம்) அப்படியே. தாடியோ, மூஸா நபி கோபத்தில் ஹாரூன் நபியைப் பிடித்த இடத்தில் (20:94) மட்டும் வருகிறது. அதை வளர்க்கச் சொல்லும் கட்டளை ஹதீஸில்தான் உள்ளது.

குர்ஆன் மட்டும் போதும், ஹதீஸ் தேவையில்லை என்று வாதிடும் சிறு குழுக்களும் உண்டு. அது ஒரு நிலைப்பாடு. தொழுகையின் வடிவம் முதல் எல்லாவற்றையும் ஹதீஸ் இல்லாமலே தேட வேண்டும் என்ற விலையையும் அவர்கள் அதற்குக் கொடுக்கிறார்கள். எனக்குப் பிடிக்காதது வேறு: தொழுகைக்கு ஹதீஸ், சிகரெட்டுக்கு மட்டும் குர்ஆன் என்று வசதிக்கேற்ப மாறிக்கொள்வது.

ஹதீஸ் என்று சொல்லப்படுவது எல்லாம் ஒரே தரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். நபியவர்கள் மறைந்தது 632இல். புகாரீ மறைந்தது 870இல். இடையில் யார் யாரிடம் கேட்டார் என்ற தொடரை ஆராய்ந்து ஸஹீஹ் (ஆதாரபூர்வமானது), ஹஸன் (ஏற்கத்தக்கது), ளயீஃப் (பலவீனமானது), இட்டுக்கட்டப்பட்டது என்று தரம் பிரிப்பதையே ஒரு கல்வித்துறையாக வளர்த்தார்கள். "சீனா சென்றாயினும் கல்வி தேடு" என்று மேடைதோறும் கேட்கிறோமே, அதை ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை.

தோழிக்கான பதில் இனி எளிது. சொர்க்கத்துத் துணைகளான ஹூருல்ஈன்களைப் பற்றி 44, 52, 55, 56ஆம் அத்தியாயங்களில் இருக்கிறது. 72 என்ற எண் எங்கும் இல்லை. அது திர்மிதீ போன்ற ஹதீஸ் தொகுப்புகளில் வருகிறது. இருப்பதை இல்லை என்று மறைக்க வேண்டாம். எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். அந்தக் கேள்விக்குப் பின்னால் குண்டுவெடிப்புச் செய்திகள் இருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் 5:32ஐப் படிக்கக் கொடுங்கள். அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனிதர் அனைவரையும் கொல்வது போன்றது என்று இஸ்ரவேலர்களுக்கு (பனூ இஸ்ராயீல்) விதிக்கப்பட்டதாக அது கூறுகிறது. அதற்கு அடுத்த வசனம் தண்டனைகளைப் பேசுகிறது. அதையும் சேர்த்தே கொடுங்கள்; அவர் பிறகு தானாகப் போய்ப் பார்த்தால், மறைத்துவிட்டீர்கள் என்று தோன்றக் கூடாது.

இனி யாராவது "குர்ஆனில் இருக்கிறது" என்று செய்தி அனுப்பினால் அத்தியாய எண், வசன எண் கேளுங்கள். பாதிச் செய்திகள் அங்கேயே விழுந்துவிடும். எண் கிடைத்தால் முன்பின் வசனங்களோடு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுங்கள்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. முஸ்லிம் நாடுகளுக்கு வந்தது ஏறக்குறைய 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். குர்ஆனில் அதன் பெயரைத் தேடுவதில் பொருளில்லை. முதலில் அறிஞர்களும் ஆகுமானது, மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது), ஹராம் (தடுக்கப்பட்டது) என்று பிரிந்தே நின்றார்கள். கேடு மருத்துவத்தால் உறுதியான பிறகு, "உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள்" (2:195) என்ற வசனத்தை வைத்து இன்று பலர் ஹராம் என்கிறார்கள். இதைச் சொல்லி உங்கள் கணவரை மடக்கப் பார்க்காதீர்கள். மடக்கினால் பிடிவாதம்தான் கூடும். ரமளான் வரட்டும். பகல் முழுவதும் புகைக்காமல்தானே இருக்கப் போகிறார்? நோன்பு திறந்ததும் பற்றவைக்கும் அந்த முதல் சிகரெட்டை மட்டும் ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். மறுவாரம், அதையும் விட முடியுமா என்று கேளுங்கள்.