கீமோ நாட்களில் என்ன சாப்பிடலாம்? வாசகர் கேள்வி – பதில்

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களின் உணவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் உணவியல் ஆலோசகர் பதில் அளிக்கிறார். மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் மாறுவதால், இங்கே படிப்பதை நடைமுறைப்படுத்தும் முன் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். அன்று மாலையிலிருந்து நான்கைந்து நாட்களுக்குத் தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது. உயிராக இருந்த வத்தக்குழம்பைக்கூட இப்போது தொடுவதில்லை. எதைக் கொடுப்பது?
– வாசகி, கும்பகோணம்

குமட்டலை அடக்குவதில் முதலிடம் மாத்திரைக்குத்தான். மருத்துவர் எழுதிக்கொடுத்த வாந்தித் தடுப்பு மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போடலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். சொல்லப்பட்ட நேரத்தில், குமட்டல் இல்லாதபோதும் அதைப் போட்டுவிட வேண்டும். அதையும் மீறி வாந்தி வந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; மாற்று மருந்துகள் இருக்கின்றன.

உணவைப் பொறுத்தவரை, சூடான பதார்த்தத்தில்தான் வாசனை அதிகம் எழும் என்பதால், ஆறிய இட்லி, தயிர் சாதம், இடியாப்பத்துடன் சிறிது சர்க்கரையும் தேங்காய்ப்பாலும், பொரி, ரஸ்க் போன்றவை இந்த நாட்களில் எளிதாக இறங்கும். தாளிப்பதையும் வறுப்பதையும் அம்மா உறங்கும் நேரத்திலோ, அவர் வேறு அறையில் காற்றோட்டமாக இருக்கும்போதோ முடித்துவிடுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கை இந்த ஒரு வாரத்துக்கு மறந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு இட்லி அளவு கொடுங்கள். வயிறு காலியாக இருந்தாலும் குமட்டல் கூடும். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் இடையிடையே சிறு மிடறுகளாகக் குடிப்பது நல்லது. இஞ்சி சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது. இஞ்சி தட்டிப்போட்ட மோரோ இளஞ்சூடான இஞ்சி நீரோ சமையல் அளவில் தரலாம். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் இஞ்சி மாத்திரை, செறிவான இஞ்சிச் சாறு பக்கம் போக வேண்டாம்.

வத்தக்குழம்பு பற்றிய உங்கள் குறிப்பு முக்கியமானது. கீமோ ஏற்றும் நாளிலும் அதை ஒட்டிய நாட்களிலும் ஆசையாக ஒன்றைச் செய்துகொடுத்து, அதைத் தொடர்ந்து வாந்தி வந்துவிட்டால், அந்த உணவின் மீதே வெறுப்பு படிந்துவிடுகிறது. சிகிச்சை முடிந்த பிறகும் அது நீடிக்கலாம். ஆகவே பிடித்த உணவுகளை அடுத்த கீமோவுக்கு முந்தைய வாரத்துக்கு ஒதுக்கிவைத்து, ஏற்றும் நாளில் விருப்பும் வெறுப்பும் இல்லாத எளிய உணவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாக்கில் உலோகச் சுவை தட்டுகிறது என்று அம்மா சொன்னால், எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாகப் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கரண்டியைக் கொடுத்துப் பாருங்கள். வாந்தித் தடுப்பு மாத்திரைகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் கணவருக்கு நாக்கில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து வாயெல்லாம் புண். ரசம் சாதம்கூட எரிகிறது என்கிறார். கஞ்சியில்தான் ஓடுகிறது. எடை குறைந்துகொண்டே போகிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவகாசி

தலை, கழுத்துப் பகுதிக் கதிர்வீச்சு வழக்கமாக ஆறு, ஏழு வாரங்கள் நடக்கும். புண் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொடங்கி, சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்தே ஆறும். எனவே வாய் ஆறும்வரை எப்படியோ சமாளிப்போம் என்று விட முடியாத அளவுக்கு நீண்ட காலம் இது.

ரசத்தில் புளி, தக்காளி, மிளகு மூன்றும் இருக்கின்றன; மூன்றுமே புண்ணில் எரியும். காய்ச்சலுக்கு ரசம் என்ற நம் பழக்கம் இங்கே பொருந்தாது. அதற்குப் பதிலாக, மிளகாய் சேர்க்காமல் பருப்பை மசித்து வடிகட்டி, நெய்யும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் கொடுங்கள். தென் மாவட்டங்களில் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலும் அரிசி கழுவிய நீரும் சேர்த்து வைக்கும் தண்ணிச்சாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். புண்ணை ஆற்றும் மருந்து என்று அதைச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் புளிப்பும் காரமும் இல்லாமல், கொழுப்புச் சத்தோடு வழுவழுவென்று இறங்குவதால், மிளகாய் போடாமல் நன்றாகக் கொதிக்கவைத்து, கீரையை மசித்துக் கொடுத்தால் மிகப் பொருத்தமான உணவு. எதையும் இளஞ்சூட்டிலோ ஆறவைத்தோ கொடுங்கள்.

கஞ்சியில்தான் என் கவலை. 20 கிராம் அரிசியைக் கரைத்துக் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் ஏறத்தாழ 70 கலோரிதான் இருக்கிறது. புரதம் இல்லை என்றே சொல்லலாம். நாளுக்கு ஐந்து டம்ளர் குடித்தாலும் அது பட்டினிதான், வயிறு நிறைந்த பட்டினி. அதே கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் 200 மில்லி பாலில் காய்ச்சி, 20 கிராம் பொட்டுக்கடலை மாவையும் ஒரு தேக்கரண்டி நெய்யையும் சேர்த்தால், ஒரு டம்ளர் 300 கலோரியைத் தொட்டுவிடும். புரதமும் 10 கிராம் அளவுக்கு வந்துவிடும். புற்றுநோயாளிகளுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் பரிந்துரை. கணவரின் எடை 50 கிலோ என்றால் குறைந்தது 50 கிராம் புரதம் வேண்டும். நன்றாக வேகவைத்த முட்டையைப் பாலில் அடித்துக் கலக்கினால் ஒரு முட்டைக்கு 6 கிராம் கிடைக்கும். பாசிப்பருப்புப் பாயசம், கேழ்வரகுப் பால் கூழ், ஏலக்காய் போட்ட முட்டை கஸ்டர்ட், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு மருத்துவமனையில் எழுதித்தரும் புரத மாவு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து, நாளில் பல முறை கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவங்கள் கூடாது. வலி மருந்தோ மரத்துப்போகச் செய்யும் திரவமோ கொடுத்திருந்தால், அதைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு பயன்படுத்த வேண்டும் என்று கேட்டு, அந்த நேரத்தை ஒட்டி உணவை வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் எடை இறங்கினால் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்லலாம். அதை நோய் முற்றியதன் அடையாளமாகக் குடும்பங்கள் எடுத்துக்கொண்டு மறுத்துவிடுவதைப் பார்க்கிறேன். சிகிச்சை தடைபடாமல் முடிவதற்கான தற்காலிக ஏற்பாடு அது. புண் ஆறிய பின் எடுத்துவிடுவார்கள்.

பெருங்குடல் புற்றுநோய்க்கு எனக்கு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். மறுநாள் ஃப்ரிட்ஜில் வைத்த இளநீரைக் குடித்ததும் தொண்டை இறுகி மூச்சு நின்றுவிடும் போல் ஆயிற்று. வாயில் ஐஸ் வைத்துக்கொண்டால் புண் வராது என்று இன்னொரு நோயாளி சொன்னாரே?
– வாசகர், ஈரோடு

அவர் சொன்னதும் உண்மை, உங்களுக்கு நேர்ந்ததும் உண்மை, மருந்துதான் வேறு. ஃப்ளோரோயுரசில் என்ற கீமோ மருந்தை மொத்தமாக ஒரே ஊசியில் செலுத்தும்போதும், மெல்ஃபலான் என்ற இன்னொரு கீமோ மருந்தை அதிக அளவில் கொடுக்கும்போதும், அந்த நேரம் முழுவதும் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருந்தால் வாய்க்குள் இரத்த ஓட்டம் சுருங்கி, அங்கே மருந்து குறைவாகச் சேர்கிறது, புண்ணும் குறைகிறது. ஆக்ஸாலிபிளாட்டினோ நரம்புகளைக் குளிர்ச்சிக்குக் கூசச் செய்கிறது. ஃப்ளோரோயுரசிலையும் ஆக்ஸாலிபிளாட்டினையும் சேர்த்துக் கொடுக்கும் முறைகள் உண்டு. அப்போது ஐஸ் கூடாது. ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் குறைந்தது ஐந்து நாட்களுக்கு, கூச்சம் நீடித்தால் அதற்கு மேலும், எல்லாவற்றையும் அறை வெப்பத்திலோ இளஞ்சூட்டிலோ குடியுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து பொருளை எடுக்கக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொண்டை இறுகியதை அடுத்த முறை மருந்து ஏற்றும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கும் என் அக்காவுக்கு நாளைக்கு ஆறேழு முறை வயிற்றுப்போக்கு. கீரையும் காய்கறியும் நிறையக் கொடுக்கிறோம்.
– வாசகி, விழுப்புரம்

அதைத்தான் முதலில் குறைக்க வேண்டும். அடிவயிற்றில் படும் கதிர், குடலின் உட்சுவரையும் புண்ணாக்குகிறது. இந்த வாரங்களில் கீரைத்தண்டு, முழுப்பயறு, கேழ்வரகு, தோலுடன் பழம் ஆகியவற்றை நிறுத்திவைத்து, குழைந்த வெள்ளைச் சாதம், இட்லி, ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம், தோல் சீவி வேகவைத்த ஆப்பிள், உருளைக்கிழங்கு மசியல் என்று கொடுங்கள். பாலைச் செரிக்கும் திறன் தற்காலிகமாகக் குறையக்கூடும் என்பதால் பாலை விட்டு மோருக்கு மாறிப் பாருங்கள். உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைவசம் இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். ஆறேழு முறை என்பது வீட்டுப் பக்குவத்தோடு நிற்கிற நிலை இல்லை. இன்றே கதிர்வீச்சுப் பிரிவில் சொல்லி மருந்து வாங்குங்கள்.

என் தந்தைக்கு கீமோவில் கவுன்ட் (இரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை) குறைந்துவிட்டது என்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் காலையில் பழைய சோறுதான் அவருக்கு. குடலுக்கு நல்லது என்றுதானே சொல்கிறார்கள், இப்போதும் கொடுக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

வேண்டாம். எனக்கும் பழைய சோறு பிடிக்கும். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. இரவு முழுவதும் அறை வெப்பத்தில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுவதுதான் அதன் சிறப்பு. ஆனால் அவற்றோடு வேறு எது பெருகுகிறது என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் சோறு வெந்தாலும் சாவதில்லை. வெளியே வைத்த சோற்றில் முளைத்துப் பெருகும். போதிய வெள்ளையணுக்கள் உள்ளவருக்கு ஒரு நாள் வயிற்றுக் கோளாறாக முடிவது, உங்கள் தந்தைக்கு இரத்தத்தில் தொற்றாக மாறலாம். கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணு எண்ணிக்கை பொதுவாக மிகவும் தாழ்ந்திருக்கும்.

அந்தச் சுவைக்கு நெருக்கமாக ஒன்று செய்யலாம். அப்போது வடித்த சோற்றைக் குழைத்து, கொஞ்சம் ஆறியதும், காய்ச்சிய பாலில் சுத்தமாக உறையூற்றி ஃப்ரிட்ஜில் வைத்த புதுத் தயிரும் உப்பும் சேர்த்து, பச்சை வெங்காயத்துக்குப் பதில் வதக்கிய சின்ன வெங்காயத்தோடு உடனே கொடுங்கள். கவுன்ட் மிகவும் தாழ்ந்திருக்கும் நாட்களில் தயிரையே நிறுத்தச் சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு. அப்படிச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். கடைச் சட்னி, வண்டிக் கரும்புச்சாறு, வெட்டிவைத்த பழம், ஹாஃப் பாயில், காய்ச்சாத பால் ஆகியவை கூடாது. சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது.

அதற்காகப் பழமே ஆகாது, வெந்ததைத் தவிர எதையும் தொடக்கூடாது என்ற பத்தியம் வேண்டியதில்லை. அப்படி முற்றிலும் ஒதுக்கியவர்களுக்குத் தொற்று குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. கை கழுவுவதும் சுத்தமாகச் சமைப்பதும்தான் காப்பாற்றுகின்றன. நன்றாகக் கழுவி வீட்டில் உரித்த வாழைப்பழமும் ஆரஞ்சும் பெரும்பாலோருக்குத் தடையில்லை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை காத்திராமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பப்பாளி இலைச் சாறு, மஞ்சள் கேப்சூல், கஷாயம் இவற்றைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. செறிவூட்டிய கேப்சூலும் கஷாயமும் வேறு கணக்கு: சில மருந்துகள் கல்லீரலில் உடைபடும் வேகத்தை அவை மாற்றலாம். கீமோவால் குறைந்த இரத்தத் தட்டணுக்களைப் பப்பாளி இலைச் சாறு ஏற்றும் என்பது நிரூபிக்கப்படவில்லை. பச்சை இலையை அரைத்துப் பிழிவதில் தொற்று அபாயமும் இருக்கிறது. பழங்களிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இமாட்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரை எடுப்பவர்கள் கிரேப் ஃப்ரூட்டைத் தவிர்க்க வேண்டும். நம் ஊர்ப் பம்பளிமாஸ் அதன் நெருங்கிய உறவு என்பதால் அதையும் விட்டுவிடுங்கள். கேப்ஸிட்டபைன் என்ற கீமோ மாத்திரையை, உணவு உண்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்று என் தங்கைக்கு இனிப்பையும் சோற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?
– வாசகி, திருச்சி

சரியில்லை. எல்லாச் செல்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. உணவில் நிறுத்தினாலும் உடல் தன் தசையைக் கரைத்து அதைத் தயாரித்துக்கொள்ளும். இழப்பு தங்கைக்குத்தான். நீரிழிவு இருந்தாலோ, கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்கும் நாட்களில் சர்க்கரை அளவு ஏறினாலோ, மருத்துவர் சொல்லும் அளவில் இனிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். சோற்றை இன்றே திருப்பிக் கொடுங்கள், பருப்பும் முட்டையும் சேர்த்து.