சாலை விபத்துத் தரவுத்தளம் என்றால் என்ன? காவல்துறைக் கணக்கு மட்டும் போதாதா?

ஒரே விபத்தைப் பற்றிக் காவல்துறை, மருத்துவமனை, போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை தனித்தனியே வைத்திருக்கும் விவரங்களை ஒரே எண்ணின்கீழ் சேர்ப்பதே இது. இந்தியாவில் இது 'ஐராட்' (iRAD, ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம்) என்ற பெயரில் தொடங்கியது; இப்போது 'இ-டார்' (e-DAR) என்றும் அழைக்கப்படுகிறது. காவலர் செல்பேசிச் செயலியில் இடக்குறிப்பு, படங்களுடன் பதிவார்.

காவல்துறைக் கணக்கு மட்டும் போதாது. 30 நாளுக்குள் இறந்தால் சாலை மரணம் என்பது சர்வதேச வரையறை. பத்தாம் நாள் ஐசியூவில் இறந்தவர் காவல்நிலையப் பதிவில் 'காயம்' என்றே நின்றுவிடலாம். பைக்கில் தானே சறுக்கி விழுந்தவர் வழக்கே இல்லாமல் மருத்துவமனை ஏட்டில் மட்டும் இருப்பார்.

காவல்துறை, மருத்துவமனைப் பதிவுகளைச் சேர்ப்பது, கல்யாணத்தில் இரு வீட்டாரின் மொய் நோட்டையும் ஒப்பிடுவது போலத்தான்: இரண்டிலும் உள்ளவரை ஒருமுறையே எண்ண வேண்டும். பெயரின் எழுத்து மாறும் என்பதால் தேதி, வயது, பாலினம், இடம் நான்கையும் பொருத்திப் பார்ப்பது நல்லது.

புதிய முறை வந்ததும் எண்ணிக்கை கூடினால் விபத்து பெருகிவிட்டது என்று பொருளல்ல. முன்பு விடுபட்டவையும் அதில் சேர்ந்திருக்கலாம்.