அண்ணாச்சி பதில்கள்: ரெண்டு ஊருல ஒண்ணாம் நம்பர் வயல்

கேள்வி: அண்ணாச்சி, கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் மூணு கால்வாய்லயும் சேத்து 12 ஊரு, 90 வயல், 4 வருஷ பிசான பருவ நெல் விளைச்சல் எடுத்து வச்சிருக்கேன். ஆர்ங்குற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல மிக்ஸட் எஃபெக்ட்ஸ் மாடல் (ஊரு, வயல்னு அடுக்கடுக்கா உள்ள டேட்டாவுக்கு போடுத கணக்கு) ஓட்டியாச்சு, வேரியன்ஸ்னு (எந்த அடுக்குல எவ்வளவு ஏத்த இறக்கம்னு) ஒரு டேபிள் வருது, கைடு "இத படமா போட்டுட்டு வாலே"ங்காரு. எத போடன்னே தெரியல. (ஆராய்ச்சி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: தம்பி, அந்த டேபிள மூடி வச்சுட்டு ஒரு பேப்பர எடு. மேல கால்வாய், அதுக்கு கீழ ஊரு, ஊருக்கு கீழ வயல்னு வம்சாவளி போடுத மாதிரி கோடு இறக்கு. வருஷம் மட்டும் இந்த மரத்துக்குள்ள நிக்காது, வடகிழக்கு பருவமழை பொய்ச்சா 90 வயலுக்கும் சேத்துத்தான அடி, அதனால அது எல்லாத்தையும் குறுக்க வெட்டுத கோடு. சின்னப்புள்ள வேலையா தெரியும், ஆனா நான் பண்ண கோட்டி வேலை இதுலதான் மாட்டுச்சு: ஊருக்கு ஊரு 1, 2, 3-னு வயலுக்கு நம்பர் போட்டுட்டு மாடல்ல வெறும் வயல்னு குடுத்துட்டேன், அது வீரவநல்லூர் ஒண்ணாம் நம்பரையும் சேரன்மாதேவி ஒண்ணாம் நம்பரையும் ஒரே வயல்னு எடுத்துக்கிட்டு. ஊர்/வயல்னு குடுத்தாத்தான் அதுக்கு வெளங்கும்.

மூணே மூணு கால்வாய வச்சு அதுக்கு வேரியன்ஸ் கேட்டா நம்பத்தகுந்த நம்பர் வராது, சமயத்துல பூஜ்ஜியமே வரும். ஃபிக்ஸடா, அதாவது ஒவ்வொரு கால்வாய்க்கும் நேரடியா ஒரு நம்பர் வார மாதிரி போட்டுரு. வருஷமும் நாலுதான, அதுக்கும் அதே வைத்தியம்.

அடுத்து, வேரியன்ஸ அப்படியே பார் போட்டா கண்ணு ஏமாறும், அது வர்க்கம்லா. ஆர்ல மிக்ஸட் மாடல் ஓட்டுத எல்எம்இ4 பேக்கேஜ் கூடவே வார ஸ்லீப்ஸ்டடி டேட்டாவ பாரு, 18 பேரு தூக்கத்த கொறச்சு 10 நாள் ரியாக்‌ஷன் டைம் அளந்தது. நாள ஃபிக்ஸடா வச்சு ஆளுக்கொரு இன்டர்செப்ட் (தொடக்க அளவு) குடுத்தா ஆளுக்கு ஆள் வேரியன்ஸ் 1378, ரெசிடுவல் (மாடலுக்கு பிடிபடாத மிச்சம்) 960, எம்மாடி எம்புட்டு தூரம்னு இருக்கும். ஸ்டாண்டர்ட் டீவியேஷனா (வேரியன்ஸோட வர்க்கமூலம்) மாத்துனா 37 மில்லிசெகண்ட், 31 மில்லிசெகண்ட், அம்புட்டுத்தான். நீயும் ஊரு, வயல், ரெசிடுவல் மூணையும் கிலோ கணக்குல பக்கத்து பக்கத்துல வையி. எதுக்கு எவ்வளவு பங்குன்னு சொல்லணும்னா மட்டும் வேரியன்ஸுக்கு போ, அதத்தான் கூட்ட முடியும்: மேல சொன்னதுல ஆளோட பங்கு கிட்டத்தட்ட 59 சதவீதம்.

கடைசியா 12 ஊருக்கும் ரெண்டு ரெண்டு புள்ளி. நேரடி சராசரிக்கு வெத்து வட்டம், மாடல் சொன்னதுக்கு நெறச்ச வட்டம், நடுவுல ஒரு அம்பு. ரெண்டே வயல் உள்ள ஊரு நடுவாக்குல நல்லா இழுபட்டுருக்கும், பதினஞ்சு வயல் உள்ள ஊரு லேசாத்தான் அசைஞ்சிருக்கும். கைடு இந்த அம்ப காட்டித்தான் கேப்பாரு, டேட்டா கம்மியா உள்ள ஊர மாடல் முழுசா நம்பலன்னு சொல்லு. ஊரெல்லாம் அகரவரிசையில அடுக்கிராத, விளைச்சல் வரிசையில அடுக்கு.