உப்புவெளி வளவுக்கு எந்த அன்ரெனா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். ஹாம் ரேடியோ அனுமதிப்பத்திரம் கைக்கு வந்துவிட்டது. செட் 100 வாட்ஸ். வளவு மூலைக்கு மூலை 16 மீற்றர்தான், நடுவில் ஒரு தென்னை. யாழ்ப்பாணம், கொழும்பு, தமிழ்நாடு என்று கதைக்க முடிந்தால் போதும். கொழும்பில் சாமான் எடுத்துத் தரும் ஒருவர், எல்லா பாண்டிலும் (அலைவரிசைப் பிரிவிலும்) டியூனர், அதாவது அன்ரெனாவைச் செட்டுக்குப் பொருத்தும் கருவி, இல்லாமலே வேலை செய்யும் என்று, பெட்டியோடு வரும் ஒரு கம்பி அன்ரெனாவுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? கடற்கரை ஊர் என்பதால் நிமிர்ந்த அன்ரெனாதான் சிறந்தது என்று இன்னொருவர் சொல்கிறார்.

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் கதைக்க நினைக்கும் ஊர்களுக்கு 40 மீற்றர் பாண்டில் ஒரு சாதாரண டைபோல் போதும், அதாவது நடுவில் வெட்டி இரு பாதியையும் கேபிளோடு இணைத்த கம்பி. அதற்கு வேண்டியது 21 மீற்றர் வயர், கேபிள், கொஞ்சம் கயிறு.

முதலில் அந்த 45,000 ரூபாய்ப் பெட்டி. இப்படிப்பட்டவர்கள் வழக்கமாகக் காட்டுவது எஸ்.டபிள்யு.ஆர். மீற்றரின் ஊசியைத்தான். "பாருங்கோ, எல்லா பாண்டிலும் 1.3" என்பார்கள். அந்த ஊசி சொல்வது, அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை மட்டுமே (1 என்றால் எதுவுமே திரும்பவில்லை). திரும்பாதது வானத்துக்குப் போனதா, பெட்டிக்குள்ளேயே சூடாகிப் போனதா என்று அதற்குத் தெரியாது. வெறும் 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டினாலும் ஊசி 1இல் அழகாக நிற்கும், ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கூடக் கேட்காது. எல்லா பாண்டிலும் ஊசி ஆடாமல் நிற்கிறதென்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

அவர் முன்னாலேயே சோதித்துப் பார்க்கலாம். பெட்டியிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, செட்டை 5 வாட்ஸுக்குக் குறைத்து, ஒரு விநாடி மட்டும் அனுப்பிப் பாருங்கள். கம்பியே இல்லாதபோது ஊசி எகிற வேண்டும். அப்போதும் 1.5இல் நின்றால் உங்கள் சக்தியைப் பெட்டிதான் தின்கிறது. இந்தச் சோதனைக்கு அவர் சம்மதிக்காவிட்டால், அதுவே பதில். கறுப்புப் பசை ஊற்றி மூடி, திறந்தால் உத்தரவாதம் இல்லை என்று எழுதிய பெட்டிகளை நான் தொடுவதே இல்லை. பத்திரத்துக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்து களைத்தவரிடம் இதை விற்பது சுலபம் என்று இந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக மாதக்கணக்கானால், குறுக்குவழி காட்டுகிறவன் எல்லாருக்கும் நல்லவனாகத்தான் தெரிவான்.

சரி, டைபோலுக்கு வருவோம். 143ஐ மெகாஹேட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீற்றரில் கிடைக்கும். 40 மீற்றர் பாண்டின் 7.1க்கு 20.1, அதாவது பக்கத்துக்கு 10 மீற்றர் சொச்சம். 16 மீற்றர் வளவில் இது நேராக நிற்காது. அதனால் நடுவைத் தென்னையில் 9 மீற்றர் உயரத்தில் கட்டி, இரு முனைகளையும் இரண்டரை மீற்றர் உயரத்துக்குச் சரித்து இழுங்கள். கணக்குப் போட்டால் தரையில் 15 மீற்றர் சொச்சம்தான் பிடிக்கும், உச்சிக் கோணமும் 90 பாகைக்குக் குறையாது. இந்த உயரத்தில் அலை பெரும்பாலும் நேர் மேலே போய்த் திரும்பி இறங்கும். பகலில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வேண்டியது அதுதான். இதே கம்பி 21 மெகாஹேட்ஸிலும் ஓரளவு ஓடும்.

நடுவுக்கு ஒரு எஸ்லோன் பைப் துண்டு, முனைகளுக்குத் தடித்த தங்கூசி. சந்தைக்குப் போனால் இரண்டும் கிடைக்கும். மின்வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போதும், ஆனால் உள்ளே இருப்பது செம்புதானா என்று பாருங்கள். பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம். உப்புக்காற்றில் அது வெட்டிய முனையிலிருந்து பொடிந்துபோகும். கேபிளுக்கு ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கோஆக்ஸ் வகை போதும். 20 மீற்றர் ஓடினாலும் இந்த பாண்டில் இழப்பு ஒரு டெசிபலுக்குள்தான். மேல்நுனிக் கேபிளையே 15 சென்ரிமீற்றர் அகலத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் தனியாக பேலன் (கேபிளின் வெளிப்புறத்தில் அலை ஓடாமல் தடுப்பது) வாங்கத் தேவையில்லை. பற்றவைத்த இடத்தில் சிலிக்கன் தடவி, ரப்பர் ரேப் சுற்றுங்கள். கேபிளுக்குள் உப்புத்தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் செம்பு வலை பச்சை பிடித்துக் கேபிளே போய்விடும்.

மின்சார சபைக் கம்பிக்கு மேலாலும் வேண்டாம், கீழாலும் வேண்டாம். அறுந்து விழுந்தாலும் எட்டாத தூரம் இருக்க வேண்டும். முனைகளில் நூற்றுக்கணக்கான வோல்ற் நிற்கும், பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது. தேங்காய் பறிக்கிறவர் ஏறும்போது செட்டை நிறுத்தி, அன்ரெனாக் கேபிளின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இடி முழக்கத்துக்கும் அதேதான்.

இனி அந்த நிமிர்ந்த அன்ரெனா. சொன்னவர் பொய் சொல்லவில்லை. கடல்நீர் நல்ல மின்கடத்தி. அதன் ஓரத்தில் நிற்கும் நிமிர்ந்த கம்பி தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாக அலையை வீசும், ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் அதை வெல்வது கடினம். ஆனால் ஓரம் என்றால் ஓரம்தான். நீரிலிருந்து ஓர் அலைநீளம், மிஞ்சினால் இரண்டு. வீடு ஒழுங்கைக்குள் தள்ளி இருந்தால் அந்த நன்மை மணலிலேயே போய்விடும். அதோடு, தாழ்வாக வீசுவது உங்களுக்குத் தேவையே இல்லை. கொழும்புக்கு அலை மேலே போய் இறங்க வேண்டும். தூரதேசம் பிடிக்கும் ஆசை வந்தால் ஒரு மாலை நிலாவெளிக்குத் தூண்டில் தடியும் 5 மீற்றர் வயரும் கொண்டுபோய், தரைக்கம்பிகளை ஈரமணலில் விரித்து 14 மெகாஹேட்ஸில் பாருங்கள். அதற்கு முன் பத்திரத்தில் வீட்டு விலாசம் மட்டும்தானா இருக்கிறது என்று வாசியுங்கள். அப்படியென்றால் வெளியிடத்துக்கு எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும், மறுபடியும் அதே மேசைகள்தான். கடற்படை இருக்கும் ஊரில் கரையோரம் கம்பி நட்டால் யாராவது வந்து விசாரிப்பார்கள். அது அவர்கள் வேலை, கோபப்படாமல் பத்திரத்தைக் காட்டுங்கள்.

வயரை முதலிலேயே 10க்கு வெட்டிவிடாதீர்கள், 10.4 வையுங்கள். உறையுள்ள வயர் கணக்கைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் வந்து நிற்கும். ஊசி மிகக் குறைவாகக் காட்டும் இடம் 7 மெகாஹேட்ஸுக்குக் கீழே இருந்தால் இரு பக்கமும் 10 சென்ரிமீற்றர் மடித்துக் கட்டுங்கள், ஏறக்குறைய 70 கிலோஹேட்ஸ் மேலே வரும். எஸ்.டபிள்யு.ஆர். 2க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிட்டுக் கதைக்கத் தொடங்குங்கள்.