தற்கொலை எண்ணமுள்ள பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

என் மகளுக்கு 15 வயது. சென்ற மாதம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். இப்போது குழு சிகிச்சைக்கு அழைத்துவரச் சொல்கிறார்கள். அவளைப் போன்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தால், தெரியாததையும் தெரிந்துகொண்டு வந்துவிட மாட்டாளா?
– ஒரு தாய், குடியாத்தம்

தங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. வளரிளம் பருவத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வது உண்டு என்பதால்தான், முறையாக நடத்தப்படும் குழுவில் யார் என்ன செய்துகொண்டார் என்று விவரிக்கவோ தழும்பைக் காட்டவோ விடுவதில்லை. அவற்றைத் தனி ஆலோசனையில் மட்டுமே பேச வேண்டும். குழுவில் நடப்பது பெரும்பாலும் பயிற்சிதான்: கோபமும் அவமானமும் தலைக்கேறும் அரைமணி நேரத்தை எப்படிக் கடப்பது, சண்டையாக முடியாமல் அம்மாவிடம் ஒன்றை எப்படிக் கேட்பது என்பன போன்றவை.

ஆனால் குழு மட்டும் போதாது. 2001-இல் மான்செஸ்டரில் 63 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. பின்னர் இங்கிலாந்தில் 366 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்விலோ, வழக்கமான சிகிச்சையோடு குழுவைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. தனி ஆலோசனையும் பயிற்சிக் குழுவும் பெற்றோர் பங்கேற்பும் சேர்ந்த டிபிடி என்ற சிகிச்சைக்கு, 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. ஆகவே, "மகளைத் தனியாகவும் பார்ப்பீர்களா? எங்களுக்கும் பயிற்சி உண்டா?" என்று கேட்டறிந்த பிறகு சேருங்கள்.

சிகிச்சைக்குப் போனால் மகன்மீது போலீஸ் வழக்கு வருமா?
– ஒரு தந்தை, வாலாஜாபேட்டை

தண்டனைக்கு அஞ்ச வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரவெல்லாம் விழித்திருந்து மகன் மூச்சு விடுகிறானா என்று பார்க்கிறேன். "எல்லாம் உன் வளர்ப்பு" என்கிறார்கள் உறவினர்கள்.
– ஒரு தாய், காட்பாடி

இதை ஒரு வீட்டின் வளர்ப்புக் குறையாகப் பார்ப்பது தவறு. நம் வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரிடையே ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 148 பெண் பிள்ளைகளும் 58 ஆண் பிள்ளைகளும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அத்தனை வீட்டிலும் தாய்மேல் பழி போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது.

பெற்றோர் குழு ஒன்றில் ஒரு தாய் கைப்பையைத் திறந்து, மகனின் அறைக்கதவிலிருந்து கழற்றிய தாழ்ப்பாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அதுவரை வாய் திறக்காத பக்கத்து இருக்கைக்காரர், "எங்க வீட்டுலயும் கழட்டியாச்சு" என்றார். பிறகு இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். தங்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருப்பதும் குடும்பத்தின் பங்கை உணர்ந்துதான்.

இரவுக் காவலை வீட்டில் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி, சாவியை அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று கேட்க நா எழும்போது, "உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு புரியுது" என்று சொல்லிப் பாருங்கள். முதல் சில நாள் அது வாயில் வராது. அதனால்தான் பெற்றோருக்கும் பயிற்சி தேவை என்கிறேன்.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்ததாகாதா?
– ஒரு தந்தை, அணைக்கட்டு

ஆகாது. அமைதியாக, நேராகவே கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். நெருக்கடி தணிந்த பிறகு, அடுத்தமுறை முதலில் என்ன செய்வது, யாரை அழைப்பது என்பதைப் பிள்ளையே தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதட்டும். ஒரு பிரதி தங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.