வாசகர் கேள்வி: தெற்கு ஜார்ஜியாத் தீவுக்குக் கப்பல் பயணம்

கேள்வி: பென்குயின் பார்க்கத் தெற்கு ஜார்ஜியா போக ஆசை. எந்த மாதம் நல்லது? (திருச்சி வாசகி)

தெற்கு ஜார்ஜியா, தென் அட்லாண்டிக் கடலில் அண்டார்டிகாவுக்குப் போகும் வழியில் உள்ள தீவு. ராஜ பென்குயினுக்காக மட்டும் என்றால், கப்பல் ஓடும் அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை எப்போதும் போகலாம். முட்டையிட்டுக் குஞ்சை ஆளாக்க அதற்கு 14 முதல் 16 மாதம் பிடிக்கிறது. அதனால் செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவிலோ சாலிஸ்பரி சமவெளியிலோ எந்த மாதம் இறங்கினாலும் முட்டையோ குஞ்சோ கண்ணில் படும். மாதம் பார்க்க வேண்டியது மற்றவற்றுக்குத்தான். யானை சீல்களில் (சீல் என்பது கரைக்கு வந்து குட்டி போடும் கடல் பாலூட்டி) ஆண்கள் மோதிக்கொள்வது அக்டோபர், நவம்பரில். டிசம்பரில் ஃபர் சீல் என்னும் அடர்ரோமச் சீல்களில் ஆண்கள் கரையைப் பங்கு போட்டுக்கொள்வதால் சில இடங்களில் இறங்கவே முடியாது. பக்கத்துச் சிறு தீவான பிரையன் தீவில் அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையின் கூடுகளைப் பார்க்கப் பலகை நடைபாதை உண்டு; நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை அதுவும் மூடியிருக்கும். பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தீவை எட்டிய பிறகு வேறு சில இடங்களும் அவ்வப்போது மூடப்படுகின்றன. எங்களைக் கேட்டால், ஜனவரி பின்பாதி அல்லது பிப்ரவரி என்போம்.

கேள்வி: பெரிய கப்பலில் கட்டணம் குறைவாக இருக்கிறதே, அதில் போனால் என்ன? (கோவை வாசகர்)

ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது என்பது விதி. 190 பேர் உள்ள கப்பல் ஒரு விரிகுடாவில் மூன்று மணி நேரம் நின்றால், உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மணிதான். 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே முடியாது. இன்னொரு கணக்கும் உண்டு. அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவில் கிளம்பி, ஃபாக்லாந்து தீவுகள், தெற்கு ஜார்ஜியா, அண்டார்டிகா என்று சுற்றி வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதில் இந்தத் தீவுக்கு மூன்று நான்கு நாள்தான். பனிமலையிலிருந்து திடீரென இறங்கும் காற்று அதிலும் ஒரு நாளைச் சாப்பிட்டுவிடும். ஆகவே மொத்தம் எத்தனை நாள் பயணம் என்று கேட்காதீர்கள், தீவில் எத்தனை நாள் என்று கேளுங்கள்.

கேள்வி: துணிமணிகளைச் சோதிப்பார்களாமே, எதற்கு? (மதுரை வாசகர்)

சீல், திமிங்கில வேட்டைக் காலத்துக் கப்பல்களில் வந்த எலிகள் தீவின் பறவை முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டரில் விஷ உணவு தூவி அவற்றை ஒழித்தார்கள். எலி இல்லாத தீவு என்று அறிவித்தது 2018இல். மறுபடி எதுவும் புகுந்துவிடக் கூடாது என்பதால்தான் இந்தக் கெடுபிடி.

ஒரு விதை, ஒரு புல் முள் ஒட்டியிருந்தாலும் சோதனையில் தேறாது. வெல்க்ரோ பட்டைதான் பெரிய வில்லன்: அதைப் பிரித்து, ஊக்கு நுனியால் ஒவ்வொரு இழையாகக் கிளறி எடுக்க வேண்டும். பிறகு பை மூலைகள், பாக்கெட்டின் அடித்தையல், கேமரா பையின் ஜிப், பூட்ஸ் அடிப்பள்ளங்கள், ட்ரைபாட் கால் முனை. பைக்கு வாக்குவம் கிளீனர், பூட்ஸுக்குப் பழைய டூத் பிரஷ் போதும். இதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள், கப்பலில் எல்லோரும் ஒரே ஊக்குக்காகக் காத்திருப்பார்கள். தீவில் அதிகாரிகள் சிலரைப் பொறுக்கிச் சோதிப்பார்கள். குறை தெரிந்தால் மறுபடி சுத்தம் செய்யச் சொல்வார்கள், எல்லோருடைய கரை நேரமும் குறையும். கரையில் உட்காரவோ, மண்டியிடவோ, பையைத் தரையில் வைக்கவோ கூடாது. எந்த விலங்கிடமிருந்தும் ஐந்து மீட்டராவது தள்ளியே நில்லுங்கள்.

கேள்வி: ஃபர் சீல் துரத்தினால்? (சென்னை வாசகி)

ஓடாதீர்கள். முன்துடுப்பை ஊன்றி அது குறுகிய தூரத்தில் உங்களைவிட வேகமாக வரும். திரும்பாமல் நின்று, கைகளை அகல விரித்து, உரக்கச் சத்தம் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். கடித்துவிட்டால் காயம் சிறிதென்று மறைக்காமல் உடனே கப்பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீல் கடியில் வரும் ஒருவகைத் தொற்றுக்குப் பென்சிலின் வேலை செய்யாது. டெட்ராசைக்ளின் வகை மருந்துதான் தருவார்கள். தீவில் விமான ஓடுதளம் கிடையாது. ஃபாக்லாந்து ஏறக்குறைய 1,400 கி.மீ. தள்ளி, கப்பலில் இரண்டு நாளுக்கு மேல். அவசர மீட்பைச் சேர்க்காத காப்பீடு வாங்காதீர்கள்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? பொடி எடுத்துப் போகலாமா? (சேலம் வாசகர்)

முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிட்டால் கிடைக்கும். பொடியை ஒட்டிய உறையோடு எடுத்துப் போங்கள், ஆனால் அர்ஜென்டினா சுங்கத்தில் மறைக்காமல் காட்டுங்கள். முழுக் கடுகு, சீரகம், தனியா வேண்டாம்: அங்கே அவை விதைகள். பொடி அறையிலேயே இருக்கட்டும், கரைக்கு எந்த உணவும் கொண்டு போகக் கூடாது.