பழங்குடி மக்களின் வாழ்க்கையைக் காட்டும் திறந்தவெளிக் கலாச்சாரக் கிராமங்களுக்குப் போவது பயனுள்ளதா, வெறும் சுற்றுலா வேடிக்கையா?

நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், மலேசியாவில் போர்னியோ தீவிலுள்ள சரவாக் மாநிலத்தின் சரவாக் கலாச்சாரக் கிராமம். இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை போய் வந்த கையோடு கேட்டிருந்தால் "வேடிக்கைதான், காசு தண்டம்" என்று எழுதியிருப்பேன்.

கூச்சிங் நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், சந்துபோங் மலையடிவாரம். 17 ஏக்கர் நிலத்தில் ஒரு செயற்கை ஏரி, அதைச் சுற்றி ஏழு இனத்தாரின் வீடுகள்: பிடாயு, இபான், பெனான், ஓராங் உலு, மெலனாவ், மலாய், சீனர். டிக்கெட்டோடு ஒரு குட்டிப் பாஸ்போர்ட்டும் கொடுத்தார்கள், வீட்டுக்கு வீடு முத்திரை குத்திக்கொள்ள. மேற்கு மலேசியாவின் கிளாங்கிலிருந்து போன எங்களுக்கு இதில் ஒரு தமாஷ். சொந்த நாடாக இருந்தும் கூச்சிங் விமான நிலையத்தில் குடிநுழைவு வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, 90 நாள் தங்க அனுமதி வாங்கித்தான் ஊருக்குள் போக வேண்டும். 1963-ல் மலேசியா உருவானபோது சரவாக் கேட்டு வாங்கிக்கொண்ட உரிமை அது. காலையில் அந்தச் சடங்கை முடித்துவிட்டு மதியம் விளையாட்டுப் பாஸ்போர்ட்டோடு நின்றோம்.

முதல் முறை சுற்றுலா வேனில் போனோம். இரண்டு மணி நேரத்தில் ஏழு முத்திரை, நடன நிகழ்ச்சி, கடைசியில் பார்வையாளர்களையும் மேடைக்கு இழுத்து ஆடவிட்டார்கள், படம் எடுத்தோம், கிளம்பிவிட்டோம். எந்த வீட்டில் எதைப் பார்த்தோம் என்று மறுநாளே குழப்பம்.

இரண்டாம் முறை டிசம்பர் பள்ளி விடுமுறை. அம்மாவும் வந்திருந்தார். அங்கே அது அடைமழைக் காலம். இபான்களின் நீள வீட்டுக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வேனில் வந்த கூட்டம் குடையும் கையுமாக ஓடியது. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஓட முடியாது. உட்கார்ந்துவிட்டோம், ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நீள வீடு என்பது உண்மையில் ஒரு தெரு. ஒரு பக்கம் குடும்பத்துக்கு ஒரு அறை, அதற்குப் பெயர் பிலிக். எல்லா அறைக்கும் முன்னால் ஓடும் பொதுத் திண்ணை ரூவாய். அதையும் தாண்டி வெயிலில் நெல் காயப்போடும் திறந்த தளம், தஞ்சு. எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகள் மாதிரி இருக்கிறது என்றார் அம்மா. லயம் துரை கட்டிக் கொடுத்தது, இது அவர்களே கட்டிக்கொண்டது, அந்த வித்தியாசத்தையும் அவரே சொன்னார்.

திண்ணையில் ஒரு அக்கா 'பூவா கும்பு' என்னும் இபான் சடங்குத் துணிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். சட்டத்தில் பாவு நூல் விறைப்பாக நிற்கிறது. சாயம் ஏறக் கூடாத இடங்களில் நாலைந்து இழையைச் சேர்த்துப் பிடித்து, நாரைச் சுற்றி இறுக்கி முடிச்சு. அடுத்தது. அடுத்தது. துணி முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சு போட்ட பிறகுதான் சாயத் தொட்டிக்கே போகும். இன்னொரு நிறம் வேண்டுமென்றால் மறுபடி கட்ட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் நெசவு. பழைய முறையில் சிவப்பு நிறம் மெங்குடு வேரிலிருந்து வரும், தமிழ்நாட்டில் நுணா என்பார்களே, அதே இனம். அந்தச் சாயம் நூலில் பிடிப்பதற்காகச் செய்யும் சடங்கைப் பெண்களின் போர் என்றே இபான்கள் சொல்வார்கள். ஆண்கள் எதிரிகளின் தலை வெட்டப் போன காலத்தில் பெண்களுக்கு இதுதான் அதற்குச் சமமான பெருமை.

டிசைன் கனவில் வரும் என்று படித்திருந்தேன். "உங்களுக்கும் வருமா அக்கா?" என்று மலாயில் கேட்டேன். நிமிராமலே சிரித்தார். "பாட்டிக்கு வரும். எனக்குக் கார்க் கடன்தான் கனவில் வருகிறது." அவர் இருப்பது கூச்சிங்கில் ஒரு தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில். காலையில் வேலைக்கு வருகிறார், மாலையில் போகிறார். ஜூன் 1 காவாய் அறுவடைப் பண்டிகைக்கு மட்டும் சொந்த நீள வீட்டுக்குப் போவாராம். உங்கள் கேள்விக்கு என் பதில் அங்கேதான் கிடைத்தது. உடுப்பு சம்பளத்துக்காகப் போட்டது, வீடு பார்வைக்காகக் கட்டியது. விரல் போட்ட முடிச்சில் மட்டும் வேஷம் கிடையாது.

மழை விட்டதும் மெலனாவ் வீட்டுக்குப் போனோம். கடற்கொள்ளையருக்குப் பயந்து மரத்தூண் மேல் உயரமாகக் கட்டிய வீடு. அம்மா ஏறவில்லை, கீழேயே சேகோ வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பனை இனத்து மரம் அது. தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் மெத்தென்ற சோற்றுப் பகுதியைச் சீவி, தண்ணீர் விட்டு மிதித்துப் பிழிந்தால் மாவு அடியில் தங்கும். ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆனது என்பார்கள். சேலத்தில் அதை மரவள்ளிக் கிழங்கில் செய்கிறார்கள், மூலச் சரக்கு இந்த மரம்தான். "இத்தனை வருசம் பாயாசம் வச்சேன், மரத்துக்குள்ள இருந்து வரும்னு தெரியாதுடா" என்றார் அம்மா.

மனசுக்கு ஒட்டாத இடம் பெனான் குடிசை. ஊதுகுழலில் அம்பு விட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் இலக்கில் அடித்தார்கள், என் அம்பு பாதி வழியில் விழுந்தது. ஜாலிதான். ஆனால் 1987-ல் பாராம் பகுதியில் மரம் வெட்டும் லாரிகளை மறித்துப் பாதையில் உட்கார்ந்தவர்கள் இதே பெனான்கள். காட்டுக்காக நின்றவர்களுக்கு இங்கே ஒரு குடிசையும் ஒரு இலக்குப் பலகையும். நான் நின்ற நேரத்தில் அந்தக் கதையை யாரும் சொல்லவில்லை.

"நம்ம வீடு எங்கடா?" என்று அம்மா கேட்டார். இல்லை. சரவாக்கில் இந்தியர்கள் மிகக் கொஞ்சம். சரவாக்கை ஆண்ட வெள்ளைக்கார ராஜா புரூக் காலத்தில் மாத்தாங் மலைத் தேயிலை, காப்பித் தோட்டத்துக்கு வந்த தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, மறுநாள் அங்கே கூட்டிப்போனேன்.

நீங்கள் போவதென்றால் திறக்கும் நேரத்துக்கே போங்கள், அரை நாள் ஒதுக்குங்கள். ஏழு முத்திரையும் வாங்கியே தீர வேண்டும் என்று ஓடாதீர்கள். சீனர் வீட்டில் மிளகைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழுத்த மிளகை மூட்டையோடு ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டுத் தோலைத் தேய்த்து எடுத்தால் வெள்ளை மிளகு. கூச்சிங்கில் அரைக் கிலோ வாங்கி வந்தோம். அம்மா ஒரு நாள் ரசத்தில் போட்டுப் பார்த்தார். "காரம் இருக்கு, வாசனையக் காணோம்" என்று அடுத்த நாளே கறுப்பு மிளகு டப்பாவைத் திறந்துவிட்டார்.